வாசிக்க வராத மாணவனும் ‘செய்து கற்பவன்’ என்ற முத்திரையும்: குமரி மாவட்டத் தொடக்கப்பள்ளி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

குலசேகரத்தைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டப் பகுதியில், ஓர் அரசு தொடக்கப்பள்ளியில் ஒரு கல்வியாண்டு முழுவதும் நடந்தது இங்கே பதிவாகிறது. சம்பந்தப்பட்டவர்களை யாரும் அடையாளம் காணாதிருக்க ஊர், பள்ளி, ஆண்டு மூன்றும் விடப்பட்டுள்ளன.

மாணவனுக்கு வயது 9. நான்காம் வகுப்பு. வகுப்பில் மொத்தம் 22 பேர். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி, விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். அம்மா அண்டி ஆபீஸில் முந்திரி உடைக்கிறார், மாலை ஐந்தரைக்குத்தான் வீடு திரும்புவார். வீட்டில் பாட்டி இருக்கிறார், அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விடுமுறை நாட்களில் அப்பாவோடு போய்ச் சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேகரிப்பது மாணவனுக்குப் பழக்கம். எந்த வரிசையில் எத்தனை மரம், எது பால் வற்றிய மரம் என்று மனப்பாடமாகச் சொல்வான்.

பள்ளி வருகையில் குறை இல்லை. வகுப்பில் பேச்சுக்கும் குறைவில்லை. கதை சொல்லச் சொன்னால் முதலில் எழுந்து நிற்பவன் அவன்தான். ஆனால் மூன்று ஆண்டு படித்து முடித்தும் இரண்டாம் வகுப்புப் பாடத்தில் ஒரு வரியைத் தானாக வாசிக்க முடியவில்லை. ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டத்தின் மதிப்பீட்டில் அவன் அரும்பு என்ற அடிநிலையைத் தாண்டவே இல்லை.

மூன்றாம் வகுப்பில் நடந்தது

அப்போதைய ஆசிரியர் அக்கறையில்லாதவர் அல்லர், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு பயிலரங்கில் கிடைத்த வினாத்தாளை அவர் வகுப்பு முழுவதற்கும் பயன்படுத்தினார். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், வாசித்து எழுதிக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் வினாத்தாள் அது. இந்த நான்கு பிரிவு 1992இல் நீல் ஃப்ளெமிங்கும் கொலீன் மில்ஸும் முன்வைத்தது. மாணவன் ‘செய்து கற்பவன்’ பிரிவில் விழுந்தான்.

அன்றிலிருந்து வாசிப்பு நேரத்தில் அவனுக்குக் களிமண், மணி கோத்தல், படம் ஒட்டுதல் ஆகியவை தரப்பட்டன. மற்றவர்கள் பத்தி வாசிக்கும்போது அவன் அந்தப் பத்தியில் வரும் மாட்டைக் களிமண்ணில் செய்தான். முகத்தில் தெளிச்சம் வந்தது, அடம் குறைந்தது. அதைப் பார்த்த எல்லோரும் முறை சரி என்றே நம்பினார்கள். ஏழு மாதம் கழித்து அவன் கூடுதலாகக் கற்றிருந்த எழுத்துகள் மூன்றோ நான்கோ. வகுப்பிலேயே வாசிப்புப் பயிற்சி அதிகம் தேவைப்பட்ட பிள்ளைக்கு அது மிகக் குறைவாகக் கிடைத்தது.

ஜூன்: கவனத்தில் பட்டவை

நான்காம் வகுப்புக்கு வந்த வகுப்பாசிரியை முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றவில்லை. ஒரு நோட்டில் தேதியிட்டுப் பார்த்ததை மட்டும் எழுதினார். வாசிப்பு நேரம் தொடங்கியதும் வெள்ளம் (தண்ணீர்) எடுத்து வர, சாக்பீஸ் வாங்கி வர அவன் எழுந்துவிடுகிறான் என்பது இரண்டு வாரத்தில் ஏழு முறை பதிவானது. முதல் பாடவேளையில் அவன் கண் சொக்குவதும் தெரிந்தது. அப்பா அம்மா எழும் நாலரை மணிக்கே அவனும் எழுந்துவிடுகிறான் என்று விசாரித்தபோது புரிந்தது.

மூன்றாம் வாரம் நடந்ததுதான் திருப்பம். பாடப் படத்தில் ஓர் ஆறு. கீழே ‘ஆற்றில் நீர் ஓடுகிறது’ என்று ஒரு வரி. மாணவன் வரியின் மேல் விரலை ஓட்டியபடி, தங்குதடையில்லாமல், “ஆத்துல வெள்ளம் ஓடுது” என்றான். பொருள் சரி. குமரியின் மேற்குப் பகுதியில் தண்ணீருக்கு வெள்ளம் என்பதே பேச்சுவழக்கு, ஆகவே வழக்குச்சொல்லைப் பிழையாகக் கொள்ளக் கூடாது என்று விட்டுவிடவும் நியாயம் உண்டு. ஆசிரியை விடவில்லை. படத்தை ஒரு நோட்டால் மூடிவிட்டு, “இப்போ இன்னொரு தடவ வாசி மக்களே” என்றார். ‘ஆ’ என்றான். அதற்கு அடுத்த எழுத்தில் நின்றுவிட்டான். ‘நீர்’ என்ற சொல்லுக்கு வந்து “ந… நர…” என்றான். அவன் கண், படத்தை மூடிய நோட்டின் மேலேயே இருந்தது.

எழுத்தை வாசித்துவிட்டுத் தன் வழக்கில் சொல்லும் பிள்ளையும் உண்டு. எழுத்தைப் பாராமல் படத்தைச் சொல்லும் பிள்ளையும் உண்டு. இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள். படத்தை மூடினால்தான் வேறுபாடு தெரியும்.

சோதனைகள்

வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை வகுப்பாசிரியை அழைத்தார். எதற்கும் முன்னால் கண்ணும் காதும் பார்க்கப்பட்டன. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு பரிசோதித்ததில் இரண்டிலும் குறை இல்லை. இந்தப் படியைத் தாண்டிவிட்டு மற்றதைச் செய்வது வீண். காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு மாதக் கணக்கில் ஒலிப் பயிற்சி கொடுத்த பள்ளிகளும் உண்டு.

பிறகு இரண்டு நாளில், நாளுக்கு 25 நிமிடம், கீழ்க்கண்டவை பார்க்கப்பட்டன. எல்லாம் கையால் எழுதிய அட்டைகள்தாம்.

உயிரெழுத்து 12ம் தெரியும். அகரமேறிய மெய் 18இல் 15 தெரியும். க, ம, ப, த, ல என்ற ஐந்து எழுத்தோடு எட்டுக் குறிகள் சேர்ந்த 40 அட்டைகளைக் காட்டியபோது 17தான் சரி. அந்தப் பதினேழு எங்கே இருக்கின்றன என்பதுதான் முக்கியம். துணைக்கால் ஐந்தும் சரி, இகரக் குறி ஐந்தும் சரி, ஈகாரத்தில் மூன்று, உகரத்தில் மூன்று, ஒற்றைக்கொம்பில் ஒன்று. இரட்டைக்கொம்பு, ஐகாரம், ஒகரம் மூன்றிலும் பூஜ்யம். ‘கெ’யைக் ‘க’ என்றான். ‘கொ’வைக் ‘கா’ என்றான். அதாவது எழுத்துக்கு வலப்பக்கம் நிற்கும் குறி கண்ணில் படுகிறது, இடப்பக்கம் நிற்பது விழுந்துவிடுகிறது.

சொல்லுக்குள் வந்தால் இதே பிழை வேறு வேடம் போட்டது. ‘பலகை’ என்பதைப் ‘பலைக’ என்றான். ககரத்துக்கு உரிய குறி லகரத்தை ஒட்டி நிற்பதால் அதற்கே கொடுத்துவிட்டான். இது கவனக்குறைவு அல்ல. தமிழில் கொம்பு முதலில் எழுதப்படுகிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக ஒழுங்காக வாசிக்கும் பிள்ளைதான் இந்தப் பிழையைச் செய்யும்.

ஒலிச் சோதனையில், ‘ம, ர, ம்’ என்று இடைவெளி விட்டுச் சொன்னால் சேர்த்து ‘மரம்’ என்பது பத்துக்கு ஒன்பது. ஆனால் ‘பால்’ என்பதில் ‘ப்’ ஒலியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்ற வகைக் கேள்வியில் பத்துக்கு இரண்டு. உயிர்மெய்யை ஒரே கட்டியாகக் கேட்கிறான். அதற்குள் மெய் ஒன்று, உயிர் ஒன்று என்று பிரிக்க அவனுக்கு வரவில்லை. குறியின் வேலை புரியாமல் போனதற்கு இதுவும் காரணம்.

‘மெபு’, ‘தோகி’, ‘லாணை’ போன்ற பொருளற்ற சொற்கள் பத்தில் ஒன்றுதான் சரி. இந்தச் சோதனையை எந்தப் பள்ளியும் விடக் கூடாது. தெரிந்த சொல்லைப் பிள்ளை உருவத்தை வைத்தே ஊகித்துவிடும். இல்லாத சொல்லை ஊகிக்க முடியாது.

கடைசியாக, நான்காம் வகுப்புக் கதை ஒன்றை வாசித்துக் காட்டி எட்டுக் கேள்வி கேட்டதில் ஏழுக்குச் சரியான பதில். ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் இருவரும் 1986இல் சொன்ன கணக்கு இங்கே கைகொடுக்கும்: வாசித்துப் புரிவது என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் கேட்டுப் புரியும் திறனையும் பெருக்கிக் கிடைப்பது. ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தும் விடை பூஜ்யம். இவனுக்குக் கேட்டுப் புரிவது வயதுக்கேற்ப இருக்கிறது, எழுத்தை ஒலியாக்குவதுதான் இல்லை.

அம்மாவிடம் பேசியபோது இன்னொன்றும் கிடைத்தது. “அவனுக்க அப்பாவும் இப்படித்தான் டீச்சர். முந்நூறு மரத்தையும் பேரு சொல்லாத குறையா அறிவாரு. பேப்பரக் கையில குடுத்தா மடக்கி வச்சிருவாரு.” வாசிப்புக் குறைபாடு குடும்பத்தில் தொடர்ந்து வருவது நன்கு அறியப்பட்ட ஒன்று. அந்தப் பதிலும் குறிப்பேட்டில் ஏறியது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, ‘செய்து கற்பவன்’ என்ற முத்திரையை விட்டுவிடுவது. பிள்ளைகளுக்கு விருப்பம் வேறுபடும் என்பதில் சந்தேகமில்லை. விருப்பப் பிரிவுக்கு ஏற்றபடி கற்பித்தால் அதிகம் கற்பார்கள் என்பதுதான் நிரூபணமாகாதது. ஹரால்டு பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008இல் அதுவரையான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். ஒரு பிரிவினருக்குச் சிறந்த முறை மற்றப் பிரிவினருக்குச் சிறந்ததாக இருக்கக் கூடாது, அப்படிக் காட்டினால்தான் கொள்கை நிற்கும் என்பது அவர்கள் வைத்த உரைகல். அப்படிச் சோதித்த ஆய்வுகளே மிகச் சில. முறையாகச் சோதித்தவற்றில் பல, கொள்கைக்கு எதிராகவே முடிந்திருந்தன. நம் மாணவனுக்கு இது நடைமுறையில் என்ன ஆயிற்று என்பதைப் பார்த்தோம். மாட்டைக் களிமண்ணில் செய்தால் மாடு தெரியும், ‘மாடு’ என்ற எழுத்து தெரியாது.

ஆனால் கையால் செய்வதை விட்டுவிடவும் இல்லை. 1930களில் சாமுவேல் ஆர்ட்டன், அன்னா கில்லிங்ஹாம் வழியில் உருவான பல்புலன் முறையில், பார்ப்பதும் கேட்பதும் சொல்வதும் விரலால் எழுதுவதும் ஒரே எழுத்தின் மேல் ஒரே நேரத்தில் நடக்கின்றன. கை எழுத்துக்கு மாற்றாக வருவதில்லை, எழுத்தின் மேலேயே வருகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள தூரம்தான் மூன்றாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் உள்ள தூரம்.

இரண்டாவது, கற்றல் குறைபாட்டுச் சான்றிதழுக்காகக் காத்திருக்காமல் உடனே தொடங்குவது. மூன்றாவது, வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம், அதே வகையில் பின்தங்கிய இன்னும் இரு பிள்ளைகளோடு மூவர் குழுவாக. சிறப்பாசிரியர் வாரம் ஒருநாள்தான் வர முடியும், மற்ற நான்கு நாளும் வகுப்பாசிரியை. நேரம், காலை இடைவேளைக்குப் பிறகு. நாலரைக்கு எழுந்த பிள்ளைக்கு முதல் பாடவேளை ஆகாது.

நான்காவது, அறிவியலும் சமூக அறிவியலும் வாசிப்பு வரும்வரை நிற்கக் கூடாது. பாடத்தை வாசித்துக் காட்டுவது, வாய்மொழியாகப் பதில் வாங்குவது, கரும்பலகையைப் பார்த்து எழுதுவதை அவனுக்கு நிறுத்துவது என்று முடிவானது. எழுத்துத் தெரியாமல் பார்த்து எழுதுவது கோடு வரைவதுதான். அதில் அரைமணி போவது வீண்.

பாடம் நடந்த விதம்

பழைய காலண்டர் அட்டையை 7 செ.மீ. சதுரமாக வெட்டி மெய்களைக் கறுப்பிலும் குறிகளைச் சிவப்பிலும் எழுதினார்கள். குறி அட்டை பாதி அகலம். கொம்பு அட்டையை மெய்யின் இடப்பக்கம் நகர்த்தி வைக்க வேண்டும். விதி ஒன்றே ஒன்று: முதலில் விரல் கறுப்பு எழுத்தைத் தொட வேண்டும், வாய் மெய்யொலியைத் தொடங்க வேண்டும், பிறகு விரல் பின்னால் வந்து சிவப்பைத் தொடும்போது உயிரொலி சேர வேண்டும். கண் இடமிருந்து வலம் போகட்டும். விரல் மட்டும் ஒலியின் வரிசையில் போகும்.

மணல் தட்டுக்கு ஓர் எவர்சில்வர் தாம்பாளம், சலித்த மணல் ஒரு செ.மீ. உயரம். அதற்கு மேல் போட்டால் கோட்டின் கரை சரிந்து எழுத்து அழிந்துவிடும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து எழுத வேண்டும். எழுதும்போதே ஒலிக்க வேண்டும், எழுதி முடித்துவிட்டு அல்ல. வாய் மூடிக்கொண்டு மணலில் எழுதினால் அது மணல் விளையாட்டு. முதல் வாரத்தில் மூவருமே அப்படித்தான் செய்தார்கள். தென்மேற்குப் பருவமழையில் மணல் ஈரம் பிடித்து விரலில் ஒட்டியது. ஜூலை பாதியில் உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி அதைத் தடவுவதற்கு மாறினார்கள், அது மழைக்காலம் முழுவதும் தாங்கியது.

வரிசை பாடப்புத்தகத்தின் வரிசை அல்ல. புள்ளி வைத்த மெய், துணைக்கால், பிறகு இகர ஈகாரம். அதன்பின் உகர ஊகாரம், இதற்கு மட்டும் மூன்று வாரம். உகரக் குறி தமிழில் ஒரே வடிவம் இல்லை: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம், சு, பு, யு, வு ஒரு குடும்பம், து, நு, லு, று, ணு, னு இன்னொன்று. குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் கொடுத்தால் பிள்ளை பிடித்துக்கொள்ளும். ககர வரிசை, சகர வரிசை என்று கொடுத்தால் ஒவ்வொன்றும் புதிதாகத் தெரியும். அதற்குப் பிறகே கொம்புகள். ரகரத்தையும் துணைக்காலையும் ஒரே வாரத்தில் கொண்டுவரக் கூடாது, உருவம் குழப்பும்.

ந, ன, ண மூன்றையும் காதால் பிரிக்கச் சொல்வது பயனில்லை. நம் பேச்சில் முதலிரண்டும் ஒரே ஒலி. இங்கே பழைய பெயர்களே பாடம் நடத்துகின்றன. தந்நகரம் தகரத்துக்கு முன்னால், றன்னகரம் றகரத்துக்கு முன்னால், டண்ணகரம் டகரத்துக்கு முன்னால். ‘பந்து’, ‘கன்று’, ‘நண்டு’. சொல்லின் முதலில் வந்தால் தந்நகரம். இந்த விதியைச் சுவரில் ஒட்டி, எழுதும்போது பார்க்க விட்டார்கள்.

30 நிமிடத்தில் ஐந்து நிமிடம் பழைய அட்டைகள், எட்டு நிமிடம் புதிய குறி, ஏழு நிமிடம் அட்டையில் சொல் கட்டுதல், ஐந்து நிமிடம் சொல்வதை எழுதுதல், மிச்சம் வாசிப்பு. வாசிப்புத் துண்டுகளை ஆசிரியையே எழுதினார், அதுவரை கற்பித்த குறிகள் மட்டும் வரும்படி. முதல் துண்டு இது: “அப்பா காலம்பற மரம் பார்த்தார். அம்மா பால் தந்தாள்.” அகரமும் ஆகாரமும் புள்ளியும் தவிர வேறு எதுவும் இல்லை. படமும் இல்லை. ‘காலம்பற’ அவன் வீட்டுச் சொல். அதை அச்சில் பார்த்த மாதிரிக் கண்ணை விரித்து, இரண்டு முறை வாசித்தான்.

அடுத்த குறிக்குப் போக ஒரு நிபந்தனை: தொடர்ந்து மூன்று நாள் பத்துக்கு ஒன்பது, அதுவும் அட்டையில் அல்ல, தாளில் எழுதிய சொல்லில். அட்டையில் சரியாகச் சொல்லிவிட்டுத் தாளில் தடுமாறுவது வழக்கமாக நடப்பது.

செப்டம்பர்ப் பின்னடைவு

காலாண்டுத் தேர்வு நெருங்கியபோது அவசரம் வந்தது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் பத்துக்கு எட்டில் நின்றன. நிபந்தனை நிறைவேறாமலே ஐகாரம், ஒகரம், ஓகாரம் மூன்றும் ஒரே வாரத்தில் கொடுக்கப்பட்டன. நான்கே நாளில் முன்பு தெரிந்த கொம்பும் பத்துக்கு நான்காக இறங்கியது. ‘பொதி’ என்பதைப் ‘பெரதி’ என்றான். கொம்பைச் சரியாகப் பகரத்துக்குக் கொடுத்தான், துணைக்காலை ரகரமாக எடுத்துக்கொண்டான். அவன் கற்ற விதியை ஒழுங்காகப் பின்பற்றியதால் வந்த பிழை இது. இருபுறமும் நிற்கும் குறி ஒன்று என்பதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதே வாரம் தனிப்பாடம் விளையாட்டு வேளைக்கு மாற்றப்பட்டிருந்தது. மாணவன் மூன்று நாள் வயிற்றுவலி என்று வரவில்லை. நாலாம் நாள் அம்மா கூட்டிவந்து விஷயத்தைச் சொன்னார். விளையாட்டு வேளையை எடுப்பது தண்டனையாகவே அவனுக்குப் பட்டிருக்கிறது. பழைய நேரத்துக்கே திரும்பினார்கள்.

விடுமுறைக்குப் பிறகு ஒற்றைக்கொம்பிலிருந்தே மறுபடி தொடங்கினார்கள். ஒகரத்துக்கு ஒரு சாளர அட்டை செய்யப்பட்டது. தடித்த அட்டையில் ஓர் உயிர்மெய் மட்டும் தெரியும் அளவுக்குச் சதுரம் வெட்டியது. ‘பொ’ அந்தச் சன்னலுக்குள் முழுதாகத் தெரியும், மூன்று துண்டும் ஒரே எழுத்து. பிறகு சன்னலை நகர்த்தி ‘தி’. மூன்று வாரம் சன்னலோடு, அதன் பிறகு சன்னல் இல்லாமல். இந்த இழப்பு மொத்தத்தில் ஐந்து வாரம்.

வீட்டில்

முதலில் அம்மாவிடம் இரவில் வாசிக்க வைக்கச் சொன்னது தவறு. அண்டி எண்ணெய் படிந்த கையோடு வந்து, சமைத்து, பிறகு புத்தகத்தை எடுத்தால் இருவருக்கும் கோபம்தான் மிஞ்சியது. ஜூலை இறுதியில் அது நிறுத்தப்பட்டு, பத்து நிமிடம், ஐந்து சொல், பாட்டியோடு என்று மாறியது. பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. அவர் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: விரல் முதலில் கறுப்பைத் தொடுகிறதா, சிவப்பையா. சிவப்பைத் தொட்டால் “லே, கறுப்பு, கறுப்பு” என்பார். இந்தத் திட்டத்தில் ஒருநாள்கூடத் தவறாமல் நடந்த பகுதி இது.

வகுப்பறையில்

மற்ற 19 பேருக்கும் ‘பார்ப்பவர், கேட்பவர்’ பட்டியல் கைவிடப்பட்டது. எந்தப் பாடத்துக்கு எந்த வழி என்பதைப் பாடமே முடிவு செய்யட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். வரைபடத்தைக் கண்ணால்தான் கற்க வேண்டும், செய்யுளைக் காதாலும் வாயாலும். திண்மம், நீர்மம் பாடத்துக்கு ஒரு கிண்ணம் ரப்பர் பால் வந்தது. தோட்டத்தில் பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் சேர்த்து, உறைந்ததை உருளையில் கொடுத்து ஷீட் அடிப்பது ஏன் என்பதை மாணவனே விளக்கினான். அமிலத்தைப் பெரியவர்தான் கையாண்டார், பிள்ளைகள் தள்ளி நின்றார்கள். விளக்கியதோடு விடவில்லை. தன் குறிகளுக்குள் அடங்கும் மூன்று வரியை அவனே எழுத வேண்டியிருந்தது.

சான்றிதழ்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. பெற்றோருக்குத் தயக்கம் இருந்தது. “சீட்டு வாங்கினா மூள சரியில்லன்னு சொல்லுவாவ” என்றார் அம்மா. அறிவுக்கூர்மையில் குறை இல்லை, எழுத்தில் மட்டும் தடை என்பதைத்தான் அந்தச் சீட்டு சொல்லும் என்று விளக்கப்பட்டது. கேட்டுப் பதில் சொன்ன எட்டில் ஏழு என்ற தாளும் காட்டப்பட்டது. பிற்காலத்தில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு ஆகியவற்றுக்கு அது தேவைப்படும் என்பதும் சொல்லப்பட்டது. ஜனவரியில் சம்மதித்தார்கள். அரசு மருத்துவமனை மதிப்பீட்டுக்கு இரண்டு முறை போக வேண்டியிருந்தது, அப்பாவுக்கு இரண்டு நாள் பால்வெட்டு போயிற்று. நுண்ணறிவு சராசரி அளவில், வாசிப்பிலும் எழுத்திலும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்று முடிவு வந்தது. ஆறு மாதம் முறையாகக் கற்பித்த பதிவேடு கையில் இருந்தது மதிப்பீட்டுக்கு உதவியது. கற்பிக்காததால் வந்த பின்னடைவு அல்ல என்பதை அது காட்டியது.

விளைவு

தமிழில் நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணுவது ஏமாற்றும். ‘வா’வும் ஒரு சொல், ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்பதும் ஒரு சொல். ஆகவே இரண்டாம் வகுப்பு அளவிலான, முன்பு பாராத பத்தியில் ஒரு நிமிடத்துக்குச் சரியாக வாசித்த எழுத்துகள் எண்ணப்பட்டன. ஜூனில் 21, செப்டம்பரில் 34, டிசம்பரில் 55, மார்ச்சில் 82. பொருளற்ற சொல் பத்தில் 1, 3, 6, 8. சொல்வதை எழுதுதல் இருபதில் 3, 6, 9, 12.

வாசிப்பு வந்துவிட்டது என்று சொல்ல இது போதாது. 82 எழுத்து என்பது வகுப்புத் தோழர்களின் வேகத்தில் பாதிகூட இல்லை, நீண்ட சொல்லில் நின்று நின்றுதான் போகிறான். எழுத்துப் பிழைகளில் பெரும்பகுதி ண, னவும் ல, ளவும். அவை இன்னும் வருடக் கணக்கில் இருக்கும். குழுவில் இருந்த மற்ற இருவரும் டிசம்பரிலேயே வகுப்போடு சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு இருந்தது பயிற்சிக் குறை மட்டும். ஒரே பாடத்துக்கு மூவரும் தந்த மறுமொழி வேறுபட்டதே இவனுக்கு இருப்பது குறைபாடு என்பதற்கு வலுவான சான்று. ஆண்டு இறுதியில் வெள்ளம் எடுக்க எழுந்து போவது நின்றிருந்தது. குறிப்பேட்டில் பிப்ரவரிக்குப் பிறகு அப்படி ஒரு பதிவும் இல்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பொருளற்ற சொல் சோதனையும் படத்தை மூடிய வாசிப்பும் இரண்டாம் வகுப்பு முடிவிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் நடக்க வேண்டும். ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். அது நடந்திருந்தால் ஓராண்டு முன்பே தொடங்கியிருக்கலாம். மெய்யையும் உயிரையும் காதால் பிரிக்கும் பயிற்சி ஜூலையில் அட்டைகளோடு சேர்த்தே தரப்பட்டது, அதை இரண்டு வாரம் முன்னதாக, எழுத்து இல்லாமல் வாய்ப்பயிற்சியாகத் தொடங்கியிருக்க வேண்டும். பத்துக்கு ஒன்பது என்ற நிபந்தனையைத் தேர்வுக்காகத் தளர்த்தக் கூடாது. காலாண்டுத் தேர்வை அவன் வாய்மொழியாகத்தான் எழுதினான், ஆகவே அந்த அவசரத்துக்குக் காரணமே இல்லை. வகுப்பாசிரியை மருத்துவ விடுப்பில் இருந்த எட்டு நாளில் பாடம் நின்றது. இன்னொரு ஆசிரியருக்கும் முறையைக் காட்டிவைக்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்பில் நாளுக்கு 20 நிமிடம் தொடர்கிறது, இப்போது நீண்ட சொல்லைப் பிரித்து வாசிப்பது. ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி. அங்கே கொடுக்க ஒரு பக்கத்தில் கைமாற்றுத் தாள் தயாராகிறது. அவனுக்குத் தெரிந்த குறிகள், தெரியாதவை, சாளர அட்டை எப்போது வேண்டும், தேர்வில் கேள்வியை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது, சான்றிதழ் நகல். எந்த வகைக் கற்பவன் என்ற கட்டம் அதில் இல்லை.